சீட்டு எழுதிய பிறகு என்ன? கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் விளவங்கோடு பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வளர்ச்சியில் பின்தங்கும் சின்னப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

2013-இல் ஆர்.பி.எஸ்.கே. என்ற, பிள்ளைகளுக்கான மருத்துவப் பரிசோதனைத் திட்டம் வந்த பிறகு, கண்டுபிடிக்கிற வேலை ஓரளவு நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வர வேண்டும் என்பது விதி. டாக்டர் பார்க்கிறார், சந்தேகம் இருந்தால் மேல் சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தருகிறார். சிக்கல் அந்தச் சீட்டுக்கு அப்புறம்தான்.

சீட்டு போகச் சொல்லும் இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் இடம். மாவட்டத்துக்கு ஒன்று என்பதுதான் திட்டத்தின் கணக்கு. நமக்கு அது நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில். பயிற்சி இலவசம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. சரி, பிறகு ஏன் தாய்மார் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? இது ஒரு நாள் ஊசி போட்டுவிட்டு வருகிற காரியம் இல்லை. வாரா வாரம், மாதக்கணக்கில் போக வேண்டும். அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை பார்க்கிறவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. தூத்தூர் பக்கம் தகப்பன் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். தலை நிற்காத பிள்ளையை இடுப்பில் வைத்து, மூத்ததைக் கையில் பிடித்து, தனியாக பஸ் மாறிப் போய் வருவது எத்தனை வாரம் நடக்கும்? பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடிக் குடியிருப்புகளின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

என் மையத்தில் ஒரு பையன், மூன்று வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பக்கத்தில் தட்டு விழுந்தாலும் அப்படித்தான். "அவனுக்க அப்பனும் பையத்தான் பேசினான்" என்று பாட்டி சொன்னார். சீட்டு வீட்டில் கிடந்தது. போனார்களா என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் பார்த்தால் பேச்சில் அல்ல, காதில் குறை. பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்கும் திறனைச் சோதித்து, ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடங்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் அறுவை சிகிச்சை (காதுக்குள் கேட்கும் கருவி பொருத்துவது) ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் கணக்கில்தான் கழிகிறது.

அதனால் கேட்பது இதுதான். பயிற்சியாளர்களை வாரத்தில் ஒரு நாள் குழித்துறை, தக்கலை, குளச்சல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புங்கள். விடியலில் ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்களுக்காக, பயிற்சி மதியத்துக்குப் பிறகும் இருக்கட்டும். வீட்டில் பாயில் கிடத்தி என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாய்க்குச் செய்து காட்டி, அவரையும் செய்ய வைத்துப் பார்த்து அனுப்பட்டும். அச்சடித்த தாளை மட்டும் கொடுத்தால் அது அலமாரிக்குத்தான் போகும்.

சீட்டு வாங்கியும் வராத பிள்ளைகளின் பட்டியல் அங்கன்வாடிப் பணியாளர் கைக்கு மாதாமாதம் வர வேண்டும். வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்க எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. "போனால் ஊனம் என்று எழுதிவிடுவார்கள்" என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. பயிற்சிக்கு மாற்றுத்திறனாளி அட்டை தேவையில்லை என்று வாசலிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

முதலில் குழித்துறையில் தொடங்கிப் பார்க்கலாம். எந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகளைப் பணியாளர்களே திரட்டிவிடுவார்கள். புதன்கிழமை மட்டும் வேண்டாம், அன்று தடுப்பூசி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
விளவங்கோடு வட்டம்