சிப்பியின் இரண்டு நிறம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக எங்கள் சிப்பிக் கடையைப் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ் நம் குமரி மாவட்டத்தில் கருங்கல், திங்கள்சந்தை, குளச்சல் பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "குளச்சல் சிப்பி என்று சொல்லி வெளியூர்ச் சிப்பியைக் கலந்து போடுகிறார்கள். தட்டில் பாதி ஆரஞ்சு, பாதி வெள்ளை. பார்த்தாலே தெரிகிறது" என்று அதில் ஒரு தம்பி சொல்கிறார். உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "என்ன அக்கா இது?" என்று கேட்டீர்கள். கேட்டது நல்லதாயிற்று. கேட்காமலே வருவதை நிறுத்திவிட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நிறம். சதை ஆரஞ்சாக இருப்பது பெண் சிப்பி. பால் வெள்ளையாக இருப்பது ஆண். அவ்வளவுதான் விஷயம். ஒரே பாறையில் ஒரே கொத்தாக ஒட்டிக் கிடக்கும் சிப்பியைப் பிரித்து வேகவைத்துப் பாருங்கள், இரண்டு நிறமும் இருக்கும். சினைப் பருவத்தில் முட்டையும் விந்தும் சிப்பியின் சதை மடல் முழுக்க நிறைந்துவிடும். நிறம் அதிலிருந்து வருகிறது, ஊரிலிருந்து அல்ல. கல்லுமக்காய் என்று கோழிக்கோட்டில் சொல்லும் பச்சைச் சிப்பியைப் பிளந்தாலும் இதே ஆரஞ்சும் இதே வெள்ளையும்தான். முட்டை விட்டு முடிந்த சிப்பி மெலிந்து, தண்ணீர் கோத்து, நிறமே இல்லாமல் கிடக்கும். ஆகவே தட்டில் இரண்டு நிறமும் பளிச்சென்று இருந்தால் சிப்பி நல்ல கொழுப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் 20 வருடம் குளச்சல் பாறைகளில் முங்கிச் சிப்பி எடுத்தவர். இடுப்பில் வலைப்பை, கையில் இரும்பு உளி, அலை பின்வாங்கும் நேரம் பார்த்து ஒரே மூச்சில் கொத்தைப் பெயர்க்க வேண்டும். பாறையில் அடிபட்ட தழும்பு இன்றும் அவர் முழங்காலில் இருக்கிறது. அவர் கையால் எடுத்து வந்த சிப்பியிலும் பாதி ஆரஞ்சு, பாதி வெள்ளைதான் இருந்தது. அந்த மெசேஜைக் கேட்ட அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. விலை கூடுதல் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம், உப்பு அதிகம் என்று சொல்லியிருந்தால் திருத்தியிருப்போம். கலப்படம் என்ற சொல்லைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

சரி, வெளியூர்ச் சிப்பி எங்கள் கடைக்கு வருவதே இல்லையா? வருகிறது. "மூன்று கரைத் தட்டு" அதற்காகவே வைத்தது. சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். ஒரு ஓரத்தில் நம் குளச்சல் சிப்பி, அடுத்தது காசர்கோடு பக்கத்துக் கல்லுமக்காய், மூன்றாவது கொல்லம் அஷ்டமுடிக் காயலின் ஆளி, அதாவது ஆய்ஸ்டர். மூன்றும் உப்புப் போடாமல் தன் தண்ணீரிலேயே ஆவியில் வெந்தவை. மசாலா போட்டுவிட்டால் எந்தக் கரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நம் சிப்பியின் தோடு, அதாவது மேல் ஓடு, பழுப்பு, கல்லுமக்காயின் தோட்டில் பச்சை ஓடும். நம்முடையது அலையடிக்கும் பாறையில் வளர்வது, கடல் வற்றும்போது வெயிலும் படும். அதனால் சிறியது, சதை இறுக்கம், கடித்தால் முதலில் உப்பு, கடைசியில் ஒரு இனிப்பு. கல்லுமக்காயை அங்கே காயலில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். எந்நேரமும் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அதற்கு இரைக்குக் குறைவில்லை, வேகமாகப் பருக்கும், சதையும் மெத்தென்று இருக்கும். மழையில் காயல் நன்னீராகிவிட்டால் செத்துவிடும் என்பதால் பருவமழைக்கு முன்பே அறுவடை செய்துவிடுகிறார்கள். ஆளி இரண்டிலும் சேராதது. நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும், காயலில் கலக்கும் கடலின் அளவுக்குத்தான் அதில் உப்பு இருக்கும். என்னைக் கேட்டால் அவியலுக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் நம் சிப்பியை விட்டால் வேறு கிடையாது. தேங்காய் எண்ணெயில் நல்லமிளகு போட்டுப் பொரிக்கக் கல்லுமக்காய்தான் சரி. ஆளியை வெறுமனே சாப்பிட வேண்டும்.

ஆளியைப் பச்சையாகத் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். தர மாட்டேன். நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டியே வயிறு வளர்க்கும் ஜீவன் அது. தண்ணீரில் உள்ள கிருமியும் அதற்குள் தங்கும்.

இனிமேல் சிப்பி எந்தக் கரையுடையதானாலும் தோட்டோடுதான் மேசைக்கு வரும். நம் பழுப்புச் சிப்பியா, கல்லுமக்காயா என்று தோட்டின் நிறம் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கடல் கலங்கி இங்கே முங்க முடியாத இரண்டு ஞாயிறுகளில் கேரளத்து விழிஞ்ஞத்துச் சிப்பி வந்தது, பலகையில் குளச்சல் என்றே இருந்துவிட்டது. அதுவும் இதே பழுப்புச் சிப்பிதான், தோட்டைப் பார்த்துப் பிரிக்க முடியாது. இனிப் பலகையைத் தினமும் காலையில் நானே எழுதுவேன்.

அப்புறம், ஐஸ் பெட்டிக்கும் வண்டிக்கும் ஆகும் செலவு கூடிவிட்டதால் மூன்று கரைத் தட்டு 220 ரூபாயிலிருந்து 280 ஆகிறது. ஆளி உடைக்கும் பையன் வளைகுடாவுக்குப் போய்விட்டான், அதனால் அந்தத் தட்டு சனி, ஞாயிறு மட்டும்.

ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகளோடு நேராக இங்கே வரும் குடும்பங்கள், சிப்பி கிடைக்காத மழை நாளிலும் "இருப்பதைக் கொடு அக்கா" என்று மீன்கறி வாங்கிப் போகிறவர்கள், மெசேஜ் வந்த மறுநாளே வேண்டுமென்றே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த அந்த அண்ணன்: உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அன்று அடுப்படியில் நின்று அழுதேன்.

காலை 10 மணிக்குச் சிப்பிச் சாக்கைக் கொட்டி, சிப்பி பாறையில் ஒட்டிக்கொள்ளும் நாரைப் பிடுங்குவோம். யார் வேண்டுமானாலும் அடுப்படிக்குள் வந்து பார்க்கலாம். மெசேஜ் போட்ட தம்பியும் வரட்டும். ஒரே கொத்தை அவர் கண் முன்னாலேயே பிரித்து வேகவைத்துத் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கடைக்கார அக்கா