மேல் பக்கம் எது என்று காட்டித் தந்தவர்களுக்கு

ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம்தான் ஒதுக்குவார்கள். வழிகாட்டி, குழு உறுப்பினர்கள், நிதி கொடுத்தவர்கள் என்று முறைப்படி எழுதி முடிப்பதற்குள் அது நிறைந்துவிட்டது. கல்லைச் சுமந்தவருக்கும் கல்லை அறுத்தவருக்கும் இடம் இல்லை. இரண்டு மாதமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

அப்படி என்ன கல் என்று கேட்கும் உறவினர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தென் சீனாவின் குய்சோ மாகாணத்தில், இன்று நெல் வயல்களுக்கு நடுவே நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் ஒரு காலத்தில் நிலநடுக்கோட்டுக்கு அருகே, ஆழ்கடல் சூழ்ந்த ஆழமற்ற கடல் திட்டாக இருந்தவை. 25 கோடியே 19 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, பெர்மியன் காலம் முடியும் தறுவாயில், சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது. காற்றில் கரியமில வாயு ஏறியது, கடல் சூடானது, ஆக்சிஜன் குறைந்தது. கடல்வாழ் இனங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. குன்றின் வெட்டுமுகத்தில் இதை விரலால் தொட்டுப் பார்க்கலாம். கீழே சிப்பி, கடல் அல்லித் தண்டு, கோதுமை மணி போன்ற ஃபியூசுலினிட் (ஒற்றைச் செல் உயிரின் ஓடு) என்று நெருக்கியடித்துக் கிடக்கும். மேடுபள்ளமான ஒரு கோடு வரும். அதற்கு மேல் அந்தக் கூட்டத்தையே காணோம். சரியாக உறையாத தயிரைப் போலக் கட்டிகட்டியாக ஒரு பாறை தொடங்கி, பத்து மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும். நுண்ணுயிர்கள் பாய்போலப் படர்ந்து, சுண்ணாம்பைப் படியவைத்துக் கட்டிய பாறை அது. அடுக்கடுக்காக இருந்தால் ஸ்ட்ரொமடோலைட், கட்டிகட்டியாக இருந்தால் த்ரொம்பொலைட் என்பார்கள். அந்தக் கட்டிக் கல்லோடுதான் என் ஐந்து ஆண்டுகள் போயின.

முதல் நன்றி ஓட்டுநர் ஐயாவுக்கு. சீனாவில் ஓட்டுநரையும் 'ஷிஃபு' என்றுதான் கூப்பிடுவார்கள், கைத்தொழில் தெரிந்தவரையும் அப்படித்தான். நம் ஊரில் மாஸ்டர் என்கிறோமே, அதேதான். குய்சோவைப் பற்றி அங்கே ஒரு பழமொழி உண்டு: சேர்ந்தாற்போல் மூன்று நாள் வெயிலும் இல்லை, மூன்று லி (ஒரு லி ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்) தூரத்துக்குச் சமதளமும் இல்லை என்று. அதைக் கேட்டுச் சிரித்த நான், தண்ணீர் பட்டால் அழிகிற மையுள்ள பேனாவை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். 43 மாதிரிகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, பாறையில் இருந்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஓர் அம்புக்குறியும் போட்டேன். மூன்றாம் நாள் மழையில் துணிப்பையோடு நனைந்து, மாலையில் பிரித்துப் பார்த்தபோது எல்லாக் கல்லும் கழுவி வைத்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன. நிலவியலில் மேல் தெரியாத கல் பக்க எண் இல்லாத புத்தகத் தாள். எது முன், எது பின் என்றே தெரியாது.

விடுதித் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். ஷிஃபு ஒன்றும் சொல்லாமல் தன் கைப்பேசியை நீட்டினார். நான் சுத்தியலோடு நிற்பதை வேடிக்கையாக இருக்கிறதென்று, ஒரு கல் விடாமல் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். நிறம், உடைந்த விளிம்பு, கால்சைட் என்னும் சுண்ணாம்புப் படிகம் நரம்புபோல் ஓடும் கோடு ஆகியவற்றை ஒப்பிட்டு, இரவு ஒரு மணிக்குள் 34 கற்களுக்கு எண்ணும் திசையும் திரும்பக் கிடைத்துவிட்டன. ஷிஃபு, என்னைக் கேலி செய்து எடுத்த அந்தப் படங்கள் இல்லாவிட்டால் இந்தப் பட்டமே இல்லை.

அந்த விடுதியை நடத்திய அம்மாவை 'ஆயி' என்று கூப்பிடச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பாட்டிதான் ஆயி. சொல் ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் புளித்த அரிசித் தண்ணீரில் மிளகாயும் மீனும் போட்டுக் கொதிக்கவைத்து, வாங்கிக் குடி என்று எதிரில் வந்து நின்றபோது தற்செயலாகத் தெரியவில்லை. ஆயி, என் சேற்றுக் காலணி உங்கள் கூடத்தை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும்.

மீதி ஒன்பது கற்கள்? எண்ணை எப்படியோ தேற்றிவிட்டோம், மேல் கீழ்தான் தெரியவில்லை. வூஹான் ஆய்வகத்தில் கல் அறுக்கும் ஷிஃபுவிடம் கொண்டுபோனேன். வைரத் தூள் பதித்த வட்ட ரம்பத்தில் கல்லை வில்லையாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, கடைசியில் விரல் நுனியால் தேய்ப்பார். 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு வந்ததும் கல்லுக்குள் வெளிச்சம் பாயும். இயந்திரம் பாதி வேலையை முடிக்கும், மீதிக்கு அவர் விரல்தான். அதிகம் பேசமாட்டார். நுண்ணோக்கியில் வில்லையை வைத்து, ஒரு புள்ளியை நடுவில் கொண்டுவந்து, பார் என்று நகர்ந்துகொண்டார்.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் ஓடு. உள்ளே ஒரு பாதி கருஞ்சேறு, மறுபாதி கண்ணாடிபோல் தெளிந்த கால்சைட். இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. உயிர் போன பிறகு ஓட்டுக்குள் புகுந்த சேறு அடியில் தங்கியிருக்கிறது, எஞ்சிய வெற்றிடத்தில் பின்னால் படிகம் வளர்ந்திருக்கிறது. கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டமேதான். என் அப்பா கொத்தனார், நான் ரசமட்டத்தை விளையாட்டுச் சாமானாக வைத்து வளர்ந்தவள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் விளக்கம் தேவைப்படவில்லை. சேறு கீழே, படிகம் மேலே. ஒன்பது கல்லில் எட்டுக்குத் திசை கிடைத்தது. ஒன்பதாவதில் ஓடே அகப்படவில்லை, அதை ஒதுக்கிவிட்டேன்.

ஆனால் இந்த ஷிஃபுவுக்கு நான் பட்ட கடன் திசைக்கானது மட்டும் இல்லை. அந்த ஓடு ஆஸ்ட்ரகாட் என்னும் சின்னஞ்சிறு ஓட்டு உயிருடையது. அது உயிர்வாழ ஆக்சிஜன் வேண்டும். என் முதல் வரைவிலோ, மூச்சடைத்துப்போன கடலில், வேறு எதுவும் வாழ முடியாத இடத்தில் நுண்ணுயிர்கள் மட்டும் கட்டிய கல்லறை இது என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். திசை தேடி வில்லைகளைத் திருப்பத் திருப்ப, கட்டிகளுக்கு இடையிலான பொந்துகளில் ஆஸ்ட்ரகாட் ஓடுகள் குவியல் குவியலாக வந்தன, நடுவே கடுகளவு நத்தைகளும். பிரெஞ்சு, சீன ஆய்வாளர்கள் இதை முன்பே எழுதியிருந்தார்கள். படித்திருந்தேன், நம்பவில்லை. கல்லறை என்ற சொல்லின் மேல் அவ்வளவு ஆசை.

ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்ப் பாய் பகலில் தானே ஆக்சிஜன் விடும். அதை அண்டி இந்தச் சிற்றுயிர்கள் பிழைத்திருக்கலாம். எதிர்ச்சாட்சியும் உண்டு. சில இடங்களில் இதே பாறையில் சீத்தாப்பழம்போல் புடைப்புடைப்பான பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உருண்டைகள் கிடைக்கின்றன. அவை ஐந்தாறு மைக்ரானுக்குள் ஒரே அளவாக இருந்தால், நீரே ஆக்சிஜன் இழந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கலந்திருந்தது என்று பொருள். என் கணக்கில் இரண்டும் உண்மை. ஆழத்திலிருந்து கெட்ட நீர் அவ்வப்போது திட்டின்மேல் ஏறி வந்து போயிருக்கிறது. ஒரே அடியாகச் செத்த கடல் என்று எழுதுவது சோம்பேறித்தனம், அதை நானே செய்தேன்.

கோனோடாண்ட் என்ற, விலாங்குபோல் இருந்து அழிந்துபோன கடலுயிரின் பற்களைப் பொறுக்கித் தந்த தங்கைக்கும் நன்றி. கிலோக் கணக்கில் சுண்ணாம்புக் கல்லை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, வண்டலை நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, ஈரத் தூரிகை முனையால் ஒவ்வொரு பல்லாக ஒற்றி எடுக்க வேண்டும். ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடாண்ட் இனத்தின் பல் முதலில் தோன்றும் இடத்தில்தான், பெர்மியனை அடுத்த டிரையாசிக் காலம் தொடங்குகிறது என்பது 2001இல் சீனாவின் மெய்ஷானில் வைத்த எல்லைக்கல். பற்களில் உள்ள ஆக்சிஜனின் ஓரிடத்தான்களைக் கொண்டு வெப்பத்தையும் கணிக்கிறார்கள். வெப்பமண்டலக் கடல் 8 முதல் 10 டிகிரி வரை சூடேறியது என்று தெரிந்தது அப்படித்தான். தங்கை, உன் கண்ணாடியின் பவர் கூடியதற்கு நான்தான் பொறுப்பு.

பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவருக்கும் கும்பிடு. அந்த மேடுபள்ளக் கோடு அமிலமாகிப்போன கடல் அரித்த தடம் என்று அடித்து எழுதியிருந்தேன். கடல் மட்டம் இறங்கி, திட்டு வெளியே தெரிந்தபோது மழை கரைத்ததாக ஏன் இருக்கக் கூடாது, புதைந்த பின் அழுத்தத்தில் கரைந்ததாக ஏன் இருக்கக் கூடாது என்று மூன்று பக்கம் எழுதினார். ஒரு வாரம் திட்டித் தீர்த்தேன். பிறகு அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். இன்னும் அமிலம் என்றே சாய்கிறேன், ஆனால் இப்போது 'இருக்கலாம்' என்று எழுதக் கற்றுக்கொண்டேன்.

என் கல் பெட்டியை ஒன்றரை மாதம் முடக்கி வைத்த கூரியர்காரர்களுக்கு நன்றி கிடையாது.

அப்பாவுக்கு மெருகேற்றிய வில்லை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்திருக்கிறார். போன முறை போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில், சுவரில் குறி போடுகிற அந்தத் தட்டைப் பென்சிலால் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 'மேல்' என்று எழுத்து. நான் சொல்லவே இல்லை. முன்பக்கத்தில் அந்த ஓட்டைத் தேடி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். மழை பட்டாலும் அழியாத பென்சில் அது.