செந்திலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து நாலு வேளையிலிருந்து ரெண்டு வேளையாகிவிட்டது. போனில் ‘ம், சரிப்பா’ என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் இட்லிப்பொடி டப்பாவோடு கடிதமும் வைத்து அனுப்புகிறேன். பொடியைத் தொடாவிட்டாலும் இதைப் படி.

முதலில் அந்த 797. உன் அமெரிக்க கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட 140 மனு அப்ரூவ் ஆனதற்கு வந்த அந்தத் தாளின் நகல் உன் கையில் இருக்கிறதா? கம்பெனி வக்கீலிடம் இருக்கிறது என்றால் போதாது, கேட்டு வாங்கு. தபால் ஆபீசில் 34 வருடம் ரசீதோடு மாரடித்தவன் சொல்கிறேன். அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிவிட்டால் கம்பெனியே வாபஸ் கேட்டாலும் அது செல்லுமாமே, உன் மச்சினன், மீனாவின் தம்பி சொன்னான். வேறு கம்பெனி பெர்ம் என்ற லேபர் சர்டிபிகேட், 140 எல்லாம் முதலிலிருந்து போட்டாலும் கார்டு வரிசையில் உன் 2014 அக்டோபர் தேதி உனக்குத்தானாம். உன் கம்பெனி ஏன் வாபஸ் கேட்கப் போகிறது, சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

எந்தத் தேதிக்காரர் வரை கார்டு என்று அமெரிக்காவில் மாதாமாதம் போடும் விசா புல்லட்டினை இப்போதெல்லாம் நானும் பார்க்கிறேன். 2026 ஜனவரியிலும் உன் வகையான இ.பி.2 இந்தியா 2013-லேயே நின்றது. வேலை வகையில் வருடத்துக்கு 1,40,000 சொச்சம் கார்டு, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்றால் எப்படி நகரும்? ஆனால் கார்டு என்பது இனிமேல் பார்க்கப்போகும் வேலைக்குத்தானாம். 485 என்ற விண்ணப்பம் போடத்தான் நீ அமெரிக்க மண்ணில் நிற்க வேண்டும். உன் தேதி வந்துவிட்டால் இங்கிருந்தே டி.எஸ்.260 படிவம் நிரப்பி நேர்காணலுக்குப் போகலாம். அந்த வேலை மட்டும் உனக்காக இருக்க வேண்டும். அதனால் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் மே மாதத்துக்குத் தள்ளிப்போனதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

இங்கே நெட் சரியில்லை, ராத்திரி வேலை என்று சென்னைக்குப் போனாய். சரி. ராத்திரி பத்தரைக்கு நான் போடும் மெசேஜ் காலை ஆறு மணிக்குத்தான் நீல டிக் ஆகிறது. நான் மெசேஜ் போடும் அந்நேரம் அமெரிக்காவில் உன் பிளேனோவில் பட்டப்பகல் என்று எனக்கும் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. நகலை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வை, அவ்வளவுதான்.

உன்னை அனுப்ப நான் வாங்கிய பி.எஃப். கடனை ரெண்டே வருடத்தில் அடைத்தவன் நீ, நம் தெருவில் எந்தப் பிள்ளை அப்படிச் செய்தான்? அந்தப் பிள்ளைக்கு ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது கோவில்பட்டி, பொங்கலுக்கு வரத் தோன்றவில்லை. கரும்பை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

செந்தில், அம்மாவின் ஆபரேஷனை டிசம்பரிலேயே செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துக்கூட வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். உன்னிடம் மாற்றிச் சொன்னது நான். வந்தால் அப்படியே ஸ்டாம்பிங்கும் முடித்துவிடலாம் என்று நீ கிளம்பி வந்தாய். 18-ஆம் தேதி நேர்காணல் தள்ளிப்போய்விட்டது என்று நீ திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோது நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன், அப்புறம் பால்காரரிடம் போய் மே வரைக்கும் தினம் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பால் இன்னும் வருகிறது. அம்மா தயிராக்கி தயிராக்கி அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறாள். பாப்பா அன்று வீடியோவில் விழுந்த பல்லைக் காட்டி ‘அப்பா வந்ததும் தலையணைக்கு அடியில் வைக்கணும்’ என்றாள், அதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

உன் குளிர்கோட்டை அம்மா வெயிலில் போட்டாள். பையில் கார் சாவி இருந்தது. மீனாவிடம் இன்னொரு சாவி இருக்கிறதா, இல்லை அவள் வண்டி எடுக்காமலே இருக்கிறாளா? கூரியரில் போடவா என்று கேட்டுச் சொல். கோட்டு பீரோவில் இருக்கிறது.

அப்பா