நான்கு பக்கம் வேண்டாம், மூன்று வரி போதும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. பதில் போடாமல் விட்டது தப்புதான். உன் ஐஸ் ஹாக்கி பையன்கள் எதிர்கொள்ளப்போகும் அந்தக் கீப்பரைப் பற்றி நீ அனுப்பிய நான்கு பக்கக் குறிப்பை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்த பிறகு எழுதலாம் என்று நாளைக் கடத்திவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. வாத்தியார் உன்னை விசாரித்தார். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறு ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறாய், உழைப்பு தெரிகிறது. நெட்டையன் அதைப் பார்த்துவிட்டு, "கிழிச்சுப் போடுடா, எங்க அடிக்கணும்னு பசங்க கைக்குத் தெரியும்" என்றானாம். உனக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை, நான் உன் கட்சிதான். ஆனால் அந்தத் தாளை அப்படியே பையன்களிடம் கொடுத்தாயானால் நெட்டையன் சொன்னதுதான் பலிக்கும்.

கணக்குப் போட்டுப் பார். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஒரு ரிஸ்ட் ஷாட் (மணிக்கட்டைச் சுழற்றி அடிப்பது) என்றால் நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர். 9 மீட்டர் தள்ளி நின்று அடித்தால் பக் (அந்த ரப்பர் வட்டு) கோலுக்கு வந்துசேர 0.3 நொடி. கண்ணில் பட்டதற்குக் கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி போய்விடும். அதனால் நல்ல கீப்பர் பக் கிளம்பும்வரை காத்திருப்பதில்லை. ஸ்டிக்கின் பிளேடு எந்தப் பக்கம் திறக்கிறது, கீழ்க்கை எங்கே இறங்குகிறது, தோள் எப்படிச் சாய்கிறது என்று முன்கூட்டியே படித்துவிடுகிறார். அடிக்கிறவனுக்கும் அவ்வளவு நேரம்தான். அந்தக் கண நேரத்தில் உன் இரண்டாம் பக்கத்தின் ஐந்தாவது வரியை ஒருவன் நினைவுக்குக் கொண்டுவருவான் என்றா எதிர்பார்க்கிறாய்? நினைத்தாலே கை இறுகும், கை இறுகினால் ஷாட் தாமதமாகும், தாமதமானால் கீப்பர் பக்குக்கு நேர் எதிரே திரும்பி நின்றுவிடுவார்.

இன்னொன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. மூன்றாம் பக்கத்தில் "கிளவ் பக்கம் பலவீனம், 14 கோலில் 6" என்று அடிக்கோடிட்டிருக்கிறாயே, அந்த வரியை முதலில் அடித்துவிடு. கிளவ் பக்கம், அதாவது பக்கைப் பிடிக்கும் கையுறைப் பக்கம், மொத்தம் எத்தனை ஷாட் வந்தது? பத்து வந்து ஆறு போனால் அது ஓட்டை, அறுபது வந்து ஆறு போயிருந்தால் அது சுவர். அந்த ஆறிலும் எத்தனை முன்னால் ஆள் மறைத்தது, எத்தனை யார் ஸ்டிக்கிலோ பட்டுத் திரும்பியது? அவற்றைக் கழித்தால் கையில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அதைவிடக் கொடுமை, நான்கு பக்கம் எழுதியவன் அவர் கிளவ் மாட்டுவது எந்தக் கையில் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை! பெரும்பாலோர் இடது கையில் மாட்டுகிறார்கள், சரி. ஆனால் அந்தக் காலத்துப் பெரிய கீப்பர்கள் டோனி எஸ்போசிட்டோவும் கிராண்ட் ஃபூரும் வலது கையில் மாட்டியவர்கள். அப்படிப்பட்டவர் எதிரே நின்றால் பழக்கத்தில் பிளாக்கர் பக்கம் (ஸ்டிக் பிடிக்கும் கைப்பக்கம்) என்று அடிப்பது நேரே கிளவுக்குள் போய் உட்காரும். முதல் வரியே அதுவாக இருக்க வேண்டும்.

கோல் எங்கே விழுந்தது என்பதை விடு. அவர் எப்போது அசைகிறார் என்பதை எழுது, வேவு பார்ப்பதில் உருப்படியான சரக்கு அங்கேதான் இருக்கிறது.

நான்கு இடம் பார்க்கச் சொல்வேன். முதலாவது, ஆழம். ஷாட்டின்போது குதிகால் கோலுக்கு முன்னாலுள்ள கிரீஸ் என்ற நீலப் பகுதிக்குள் இருக்கிறதா, அதன் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கிறாரா? வெளியே வருகிறவரிடம் ஷாட்டுக்கு இடம் கிடையாது, ஆனால் பக்கவாட்டில் இழுத்தால் அவர் திரும்பி வரவேண்டிய தூரம் அதிகம். உள்ளேயே நிற்கிறவரிடம் டீக் செய்வது, அதாவது பக்கை ஆட்டி ஏமாற்றுவது, வீண்வேலை, அங்கே மேல்மூலை திறந்திருக்கும். இரண்டாவது, முட்டி போட்டுக் கால்களை இரு பக்கமும் விரித்து அடைக்கும் பட்டர்ஃபிளையில் முட்டி எப்போது இறங்குகிறது. பக் கிளம்புவதற்கு முன்பே விழுகிறவர் என்றால் ஒரு துளி நேரம் கூடுதலாக வைத்திருந்தாலே போதும், தோளுக்கு மேல் வெளிச்சம் தெரியும். மூன்றாவது, பக்கவாட்டில் தள்ளி நகரும்போது காலிடுக்கு எந்தத் திசையில் திறக்கிறது. ஃபைவ் ஹோல் என்கிற அந்த இடுக்கு நின்ற நிலையில் பெரும்பாலும் மூடியே இருக்கும். தள்ளும் கால் பிரிகிற அந்தக் கணத்தில்தான் அது திறக்கிறது. நான்காவது, கம்பத்தை ஒட்டி எப்படி அடைக்கிறார். கோல்கோட்டருகே பக் இருக்கும்போது ஒரு முட்டியைத் தரையில் போட்டு, காலில் கட்டிய பேடைக் கம்பத்தோடு படுக்கவைக்கும் பழக்கம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. அதைச் சீக்கிரமாகச் செய்கிறவருக்குக் காதுக்கும் குறுக்குக் கம்பிக்கும் நடுவே ஒரு சந்து விடும். உன் குறிப்பில் கடைசிப் பக்கத்தின் மூலையில் சின்ன எழுத்தில் "வலது கம்பத்தில் சீக்கிரம் இறங்குகிறார்" என்று எழுதியிருக்கிறாய். மாப்ளே, அந்த ஒரு வரி மற்ற மூன்று பக்கத்துக்குச் சமம்!

கோலின் அகலம் 183 செ.மீ., உயரம் 122 செ.மீ. என்று பையன்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். பக்கின் கண்ணால் அதைப் பார்த்திருக்கிறார்களா என்று கேள். அடிக்கிறவன் கண் தலையில் இருக்கிறது. பக்கோ தரையில், ஒரு பக்கமாக ஒரு மீட்டர் தள்ளிக் கிடக்கிறது. அவனுக்குத் திறந்ததாகத் தெரியும் இடம் பக்கிலிருந்து பார்த்தால் மூடியிருக்கும். இதற்கு ஒரு கயிறு போதும். இரண்டு கம்பத்திலும் கட்டி, இரு முனைகளையும் பக் இருக்கும் இடத்துக்கு இழுத்துப் பிடி. கீப்பரை நடுவில் நிற்கவைத்து, ஒவ்வொருவனையும் பனியில் படுத்துப் பக்கின் மட்டத்திலிருந்து பார்க்கச் சொல். பிறகு பக்கை அரை மீட்டர் உள்ளே இழுத்து மறுபடி பார்க்கச் சொல். அடிப்பதற்கு முன் பக்கை உடம்பை நோக்கி இழுத்துக் கோணத்தை மாற்றுகிறார்களே, அதன் பலன் அந்த ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

நெட்டையன் நாகானோவை இழுப்பான், எனக்குத் தெரியும். 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில், ஷூட்அவுட்டில் (சமநிலையை முடிக்க ஒவ்வொருவராகக் கீப்பரை எதிர்த்து அடிப்பது), கனடாவின் ஐந்து பேரையும் செக் கீப்பர் டொமினிக் ஹாஷெக் தடுத்து நிறுத்தினார். "அவரைப் பத்தி எத்தனை பக்கம் எழுதினாலும் என்ன புண்ணியம்?" என்பான். அதில் நியாயம் உண்டு. ஹாஷெக் ஒரே மாதிரி இரண்டு முறை விழுந்தவர் இல்லை, படிப்பதற்கு அவரிடம் பழக்கம் என்று ஒன்று இருந்தால்தானே? ஆனால் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். அவனிடம் 1994-ஐத் திருப்பிக் கேள். லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதியின் ஷூட்அவுட்டில் ஸ்வீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் ஒற்றைக் கையால் பக்கைப் பின்னால் இழுத்துப் போட்டது, ஸ்வீடனில் தபால்தலையாகவே வந்தது. அது அந்த நொடியில் கைக்குத் தோன்றியதா என்ன? அவர் நாட்டுக்காரர் கென்ட் நில்சன் ஏற்கெனவே செய்து காட்டிய வித்தை அது, ஃபோர்ஸ்பெர்க் கையில் தயாராக இருந்தது. 2014 சோச்சி ஒலிம்பிக்கின் ஷூட்அவுட்டையும் எடுத்துக்கொள். முதல் மூன்று பேருக்குப் பிறகு ஒரே ஆளை மறுபடி அனுப்பலாம் என்பது அந்தப் போட்டி விதி. அமெரிக்கா டி.ஜே. ஓஷியைத் திரும்பத் திரும்ப அனுப்பி, ஆறு முயற்சியில் நான்கு கோல் வாங்கியது. எதிரே ரஷ்யக் கீப்பர் போப்ரோவ்ஸ்கி. ஆறாம் முறை வந்தபோது ஓஷியைப் பற்றி அவருக்குத் தெரியாதது என்ன மிச்சம்? ஓவெச்கினும் அப்படித்தான். பவர் பிளேயில் (எதிரணியில் ஆள் குறைந்த நேரத்தில்) இடது ஃபேஸ்ஆஃப் வட்டத்திலிருந்துதான் அடிப்பார் என்று இருபது வருடமாக எல்லாக் கீப்பருக்கும் தெரியும். 2025 ஏப்ரல் 6 அன்று வட அமெரிக்க லீகில் கிரெட்ஸ்கி வைத்திருந்த 894 கோல் சாதனையைத் தாண்டிய 895-ஆவது கோலும் அங்கிருந்துதான் போனது. இடம் தெரிந்தாலும் பக் கிளம்பும் கணம் பிடிபடவில்லை.

இனி உன் பையன்களுக்கு. நான்கு பக்கத்தை மூன்று வரியாக்கு: கிளவ் எந்தக் கை, வெளியே வருகிறாரா உள்ளே நிற்கிறாரா, எப்போது விழுகிறார். அதைக்கூட ஆட்டத்தன்று சொல்லாதே, பத்து நாள் முன்பே சொல்லிவிடு. பயிற்சியில் உங்கள் கீப்பரை அவர் மாதிரியே நிற்கச் சொல், அதே ஆழம், அதே அவசரம். ஆளுக்கு இருபது ஷாட். பிறகு கீப்பர் காதில் மட்டும் சொல்லி, அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுப் பத்து ஷாட். இந்தப் பத்தைத் தவறவிடாதே. தாளில் எழுதியதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவன் யார், தலை நிமிர்த்திப் பார்க்கிறவன் யார் என்று அதில்தான் தெரியும். தலை நிமிரவில்லையா, கோலுக்குப் பின்னால் ஒருவரை நிறுத்து. ஷூட்டர் ஃபேஸ்ஆஃப் வட்டத்தின் மேல்விளிம்பைத் தாண்டும்போது அவர் ஒரு கையைத் தூக்கட்டும், ஷாட் மற்றப் பக்கம் போகவேண்டும்.

ஷூட்அவுட்டுக்கு ஆளுக்கு இரண்டே வழி போதும், ஒரு ஷாட், ஒரு டீக். இரண்டும் ஒரே மாதிரி தொடங்க வேண்டும்: அதே வளைவு, அதே வேகம், பக் அதே இடுப்போரம். வட்டத்தின் மேல்விளிம்பில் கீப்பரின் ஆழத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும், பிறகு மாற்றவே கூடாது. தேர்ந்த மூலையை வெறிக்கக் கூடாது, கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டிக்கை நீட்டிக் குத்துகிற கீப்பர் என்றால் பக்கை நேர் முன்னால் தள்ளிக்கொண்டு போகவும் கூடாது.

ஆட்டத்துக்குள் இந்த மூன்று வரிக்கும் மதிப்பு பாதிதான். கோலுக்கும் கோலுக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாண்டிப் பாஸ் வந்துவிட்டால் எந்தக் கீப்பரும் ஓடித்தான் ஆகவேண்டும், அங்கே உடனே அடிக்கிறவனுக்குத்தான் பலன். கோணம் இல்லாதபோது மட்டும் ஒன்று: தூரத்துப் பேடைக் குறிவைத்துத் தாழ்வாக அடித்தால் ரீபவுண்ட், அதாவது பட்டுத் திரும்பும் பக், எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று எண்ணி வை. அதை உன் குறிப்பில் காணோம்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் நீ எழுதியது. போன முறை நீ சொன்ன மூலையில் அடித்துத் தவறவிட்ட அந்தச் சின்னவன் அதன் பிறகு யாரோடும் பேசுவதில்லை என்கிறாய். மாப்ளே, அந்த மூலையை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. நீ தேர்ந்தெடுத்தாய். அதை அவனிடம் நீயே சொன்னாயா? சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மூடி வைத்துவிட்டு முதலில் போய்ச் சொல். இந்த முறை அவனுக்கு மூலை எதுவும் சொல்லாதே, மூன்று வரியை மட்டும் கொடு, மிச்சத்தை அவன் கண் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து வீடியோ எடுத்தால் பக்கவாட்டில் நின்று எடுக்காதே, கோலுக்குப் பின்னால் உயரத்திலிருந்து எடு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆழம் தெரியும், காலிடுக்கு தெரியாது. அந்த வலது கம்பத்து விஷயத்துக்கு மட்டுமாவது ஐந்தாறு துண்டு அனுப்பு, நானும் பார்க்கிறேன். சின்னவன் என்ன சொன்னான் என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய லெஃப்ட் விங்