வாடிக்கையாளர்களுக்கு: நம் கடை இலை உரம் பற்றி

நங்கநல்லூர், மடிப்பாக்கம், ஆதம்பாக்கம் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கிளம்பிய பேச்சு இப்போது அக்கம்பக்கத்துக் குழுக்களிலும் சுற்றுகிறது. நாங்கள் மாநகராட்சி உரத்தை மலிவாக வாங்கி, பையை மட்டும் மாற்றி, இலை உரம் என்று விற்கிறோமாம். உங்களில் சிலர் கடைக்கே வந்து சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். கேட்டவர்களுக்கு நன்றி. கேட்காமலே வாங்குவதை நிறுத்திவிட்டவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில், மாநகராட்சி உரம் ஒன்றும் மட்டமான சரக்கு கிடையாது. வீட்டு வாசலில் தூய்மைப் பணியாளர்கள் வாங்கிப் போகும் மக்கும் குப்பையும் சந்தைக் காய்கறிக் கழிவும்தான் உரக்கூடங்களில் மட்கி உரமாகின்றன. நாம் பிரித்துக் கொடுத்தால் உரமும் சுத்தமாக இருக்கும். பால் கவரையும் ஷாம்பு பாக்கெட்டையும் அதே வாளியில் போட்டால் அவையும் சேர்ந்துதான் வரும். இதில் உரக்கூடத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

எங்களுடையது வேறு வகை. மூலப்பொருள் உங்கள் வீட்டு இலைதானே! மாசி, பங்குனியில் புங்கையும் வேம்பும் கொட்டும்போது சாக்கில் கட்டி வைத்துவிட்டு, வண்டி எப்போது வரும் என்று போன் போட்டதெல்லாம் யார்? தோட்டக் கழிவை வளாகத்துக்குள் தனியாக வைத்து, உள்ளாட்சி சொல்கிறபடி அகற்ற வேண்டும், தெருவில் கொட்டவோ எரிக்கவோ கூடாது என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியாயிற்று. சமையல் குப்பைக்குப் பேட்டரி வண்டி வந்துவிடும். வெட்டிப்போட்ட முருங்கைக் கிளையும் தென்னை மட்டையும் அதில் எப்படி ஏறும்? அதற்குத்தான் நாங்கள் குட்டியானை வண்டியை அனுப்புகிறோம்.

வேங்கைவாசல் பக்கம் வாடகை மனையில்தான் வேலை நடக்கிறது. காய்ந்த இலையில் கரிச்சத்து (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. கரிச்சத்து 25, 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்று இருந்தால்தான் குவியல் ஒழுங்காக மட்கும். காய்ந்த இலையை அப்படியே போட்டால் கரிச்சத்து 50 பங்குக்கும் மேலே போய்விடும். அதனால் சாணமும் பச்சைப் புல்லும் கலக்கிறோம். மாநகராட்சி உரத்தைப் பை மாற்றி விற்கிறவனுக்கு மாட்டுக்காரரிடம் சாணம் வாங்கிய கடன் எதற்கு இருக்கப் போகிறது? நன்றாகச் சூடேறினால் குவியலுக்குள் 55, 60 டிகிரி வரும், கையை விட முடியாது. வாரா வாரம் புரட்ட வேண்டும், விட்டால் காற்றில்லாமல் நாறும். புங்கை இலை சீக்கிரம் வழிக்கு வந்துவிடும். மாவிலையும் பாதாம் இலையும் அடம்பிடிக்கும். தென்னை மட்டையைப் பொடி செய்வதற்குள் இயந்திரத்தின் பிளேடு மழுங்கிவிடும்.

இவ்வளவு சொல்லியும் நம்பிக்கை வரவில்லையென்றால் பையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முழுதாக மட்காத இலை நரம்பு அங்கங்கே தெரியும். காய்கறிக் கழிவு உரத்தில் அது எங்கிருந்து வரும்? வெள்ளையாகப் படர்ந்திருப்பதும் கெட்டுப்போன அடையாளம் ஆகாது. இலையை மட்கச் செய்யும் பூஞ்சைதான் அது, செடிக்கு ஒன்றும் செய்யாது. அதைப் படம் பிடித்துப் போட்டவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

குவியல் புரட்டிக்கொண்டிருந்த தம்பி ஊருக்கே போய்விட்டார். அவர் கைப்பழக்கம் இருக்கிற இன்னொரு ஆள் கிடைப்பது லேசில்லை, கிடைத்தாலும் கூலி கூடுதல். வண்டி வாடகையும் ஏறிவிட்டது. இந்த மாதத்திலிருந்து 5 கிலோ பை 4 கிலோவாக வரும், விலை அதேதான். ஞாயிற்றுக்கிழமை கிளை எடுக்கும் வண்டி இனி இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை குவியலைக் கரைத்துவிட்டபோது, கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் பொங்கல் தாண்டியும் காத்திருந்தவர்கள் நீங்கள். இந்த முறையும் சில அக்காமார்கள் தங்கள் மாடித் தக்காளியைப் படம் எடுத்துப் போட்டு அதே குழுவில் எங்களுக்காகப் பேசியிருக்கிறார்கள். அடுத்த முறை கடைக்கு வரும்போது அவர்களுக்கு ஒரு பை எங்கள் கணக்கில்.

சந்தேகம் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் மனைக்கே வரலாம். முந்தின நாள் கடையில் சொல்லிவிட்டால் போதும், வழி சொல்கிறோம். செய்தியை எழுதியவரும் வரலாம், கோபம் இல்லை. பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், தரையெல்லாம் சாணம்.

இப்படிக்கு,
கடைக்காரர்