கேம் சென்டர் நடத்துவோருக்கு: ‘ஃபைனல் ஷேப்’ மணிக்கணக்கில் விற்கிற சரக்கு இல்லை

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் கேம் சென்டர் நடத்தும் அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

உங்கள் கடைகளில் அதிகம் ஓடுகிற ஷூட்டர் விளையாட்டுகள் கால் மணி, அரை மணியில் ஒரு சுற்று முடிகிறவை. வந்து உட்கார்ந்து, சுட்டு, காசைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போகலாம். அதற்கு மணிக்கணக்கு விலை சரிதான். ‘டெஸ்டினி 2’ என்ற இணைய ஷூட்டர் விளையாட்டின் ‘தி ஃபைனல் ஷேப்’ விரிவாக்கத்தையும் அதே பலகையில் அதே கணக்கில் எழுதித் தொங்கவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆடுகிறவனுக்கும் அலுப்பு, கடைக்கும் வீண் சண்டை. இதை ஆறு பேருக்கு, நாலு மணி நேரத் துண்டாக, நாள் குறித்து விற்றுப் பாருங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். ஏன் என்பதையும், அதற்குக் கடையில் எதை எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் கீழே எழுதுகிறோம்.

முதலில் சரக்கைப் பற்றி. 2024 ஜூன் 4 அன்று பங்கி நிறுவனம் இதை வெளியிட்டது. 2025 ஜூலையில் அடுத்த விரிவாக்கமான ‘எட்ஜ் ஆஃப் ஃபேட்’ வந்துவிட்டது என்றாலும், பத்து வருடமாக இழுத்த கதையை முடித்துவைத்தது ‘ஃபைனல் ஷேப்’தான். டெஸ்டினி விரிவாக்கங்களில் ஒன்றை மட்டும் வாங்கலாம் என்றால் இதைத்தான் சொல்வோம். டிராவலர் என்ற வெள்ளைக் கோளத்தின் உள்ளே, ‘பேல் ஹார்ட்’ என்ற நிலத்தில் ஏழு கட்டக் கதை. போகப் போகத் தரையே மனித உடம்பும் கையும் முகமுமாகத் திரிந்து வரும். படம் வடிவாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. எதிரி எவ்வளவு கிட்ட இருக்கிறான் என்பதை நிலமே காட்டிக் கொடுக்கிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். ஒளிச் சக்தியையும் இருள் சக்தியையும் ஒரே ஆளிடம் சேர்த்துத் தருகிற ‘பிரிஸ்மாட்டிக்’கும் இதில்தான் வந்தது. இரண்டு பட்டைகளும் நிரம்பியதும் ‘டிரான்சென்டென்ஸ்’ திறந்தால் குண்டும் கைத்தாக்குதலும் சடசடவென்று திரும்ப நிரம்பும். ஆனால் அதன் துண்டுகளை பேல் ஹார்ட்டில் சுற்றிச் சுற்றித்தான் பொறுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி வந்தவன் அதன் வாசலைக்கூடத் தாண்ட மாட்டான்.

புதிதாக வருகிற பெடியனுக்கு இன்னொரு இடறல். 2017இன் முதல் கதை 2020 நவம்பரில் விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. கேட்-6 என்ற முக்கியப் பாத்திரம் சாகிற ‘ஃபோர்சேக்கன்’ கதை 2022 பெப்ரவரியில் போனது. செத்தவன் திரும்பி வந்து நிற்கிற காட்சியோடு இந்த விரிவாக்கம் ஆரம்பிக்கிறது. அவன் செத்த அந்தக் கதை முழுவதையும் விளையாட்டுக்குள் போய் ஆட வழியில்லை. பக்கத்தில் இருக்கிற பழைய ஆள் பத்து நிமிடம் கதை சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி கணக்கு விசயம். விரிவாக்கம் ஒட்டியிருப்பது ஆளின் கணக்கில், கணினியில் அல்ல. அடிப்படை விளையாட்டு 2019 ஒக்டோபர் முதல் இலவசம். விரிவாக்கத்தை ஒவ்வொருவரும் தனியாக வாங்க வேண்டும். ஸ்டீமில் வாங்கியது பிளேஸ்டேஷனில் திறக்காது. இரண்டு தளக் கணக்குகளையும் இணைக்கிற கிராஸ் சேவ் போட்டால் பாத்திரமும் ஆயுதமும் கூட வரும், வாங்கிய விரிவாக்கம் வராது. சிலர் கடைக் கணக்கு ஒன்றில் வாங்கி எல்லோருக்கும் திறந்து விடுகிறார்கள். ஒரு கணக்கில் மூன்று பாத்திரங்களுக்குத்தான் இடம். காலையில் ஒருவன் கஷ்டப்பட்டு எடுத்த துவக்கைப் பின்னேரம் வந்தவன் பெட்டி நிறைந்துவிட்டதென்று உடைத்துப் போட்டால், அடிபிடி உங்கள் மேசையில்தான் வரும். அவரவர் கணக்கில் அவரவர் நுழையட்டும். ஸ்டீமில் இப்போது கைபேசியால் கியூஆர் குறியைப் பிடித்தே உள்ளே போகலாம், கடவுச்சொல் தட்டத் தேவையில்லை. நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்டத்தில் சரிக்குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். விளையாட்டோடு வரும் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு, நிர்வாகி அனுமதி இல்லாவிட்டால் ஏறாது. கடைப் பூட்டு மென்பொருள் அதை மறித்தால் விளையாட்டு திறந்த கையோடு மூடிக்கொள்ளும். லினக்ஸில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். அங்கே ஆதரவு இல்லை, சுற்றுவழியில் நுழைந்தால் கணக்கே தடைப்படலாம்.

இறக்குவது பெரிய வேலை. ஸ்டீம் கேட்கிற இடம் 105 ஜிபி. செக்கனுக்கு 20 மெகாபிட் வரும் இணைப்பில் ஒரு கணினிக்கே ஏறக்குறைய 12 மணி நேரம். பத்துக் கணினிக்கும் தனித்தனியாக இறக்கினால் மாத டேட்டாவும் முடிந்தது, வியாபாரமும் முடிந்தது. ஒன்றில் மட்டும் இரவில் இறக்குங்கள். பிறகு ஸ்டீம் அமைப்பில் ‘டவுன்லோட்ஸ்’ பகுதிக்குப் போய், உள்ளூர் நெட்வர்க்கில் கோப்பு மாற்றுவதைத் திறந்து விடுங்கள். வேறு வேறு கணக்குகள் என்றால் ‘எனக்கு மட்டும்’ என்றிருப்பதை ‘யாருக்கும்’ என்று மாற்ற வேண்டும். இரண்டு கணினியிலும் ஸ்டீம் திறந்திருந்தால் இரண்டாவது கணினி முதலாவதிலிருந்தே இழுத்துக்கொள்ளும்.

இழுக்கிற வேகத்தைத் தீர்மானிப்பது கணினிகளைக் கேபிளால் இணைக்கிற உங்கள் நெட்வர்க் ஸ்விட்ச். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் என்றால் கணினி ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம். கிகாபிட் என்றால், நல்ல எஸ்எஸ்டியும் இருந்தால், அரை மணிக்குள் முடிகிற வேலை. கிகாபிட் ஸ்விட்ச் வாங்கியும் வேகம் வரவில்லை என்றால் கேபிள் தலையைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் தொட வேண்டும், நூறுக்கு நாலு போதும். கடற்கரைக் காற்றில் ஒரு ஊசி பச்சை பிடித்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும், அறுந்தும் போகாது. விண்டோஸில் ஈதர்நெட் நிலையைத் திறந்தால் 1.0 கிகாபிட்டா, 100 மெகாபிட்டா என்று எழுதியிருக்கும். நூறு என்றிருந்தால் தலையை வெட்டிப் புதிதாக அடியுங்கள்.

கடற்கரைக் காற்று என்றதும் இன்னொன்று. வாடைக்காற்றுக் காலத்தில் கணினி காலையில் எழும்ப மறுத்துப் பீப் பீப் என்று கத்தினால் பவர் சப்ளையை மாற்ற ஓட வேண்டாம். மின்னைத் துண்டித்து ராமைக் கழற்றி, பொன்னிறக் கால்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். கச்சான் காலத்தில் வேறு தொல்லை. புழுதியும் வெக்கையும் சேர்ந்து கிராபிக்ஸ் அட்டை சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேல் ஹார்ட்டின் புல்வெளிப் பகுதியில் இது உடனே தெரியும். ஜிடிஎக்ஸ் 1060 மாதிரி அட்டை என்றால் நிழலையும் ஒளிமூட்டத்தையும் கீழே இறக்கி, ரெண்டர் அளவை 85 சதவீதத்துக்குக் குறைத்து, செக்கனுக்கு 60 பிரேமில் பூட்டுங்கள். 90க்கும் 40க்கும் இடையில் துள்ளுவதைவிட அசையாத 60 எவ்வளவோ மேல்.

இணைப்புக்கு வருவோம். டெஸ்டினியில் பல பிழைகளுக்கு மிருகங்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘வீசல்’ வந்தால் பங்கி சேவரோடு இருந்த தொடுப்பு அறுந்தது என்று அர்த்தம். ‘பீவர்’ வந்தால் ஆட்டக்காரர்களுக்கு இடையிலான தொடுப்பில் கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு. கன்சோலில் பீவர் அடிக்கடி வந்தால் ரவுட்டரில் யூபிஎன்பி (கருவிகள் தாமே வாசல் திறந்துகொள்ள விடும் வசதி) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். யூடிபி 3074 என்ற ஒரே வாசலுக்குப் பல கன்சோல்கள் முண்டியடிக்கின்றன. யூபிஎன்பி இல்லாவிட்டால் ஒன்றுக்கு வழி கிடைக்கும், மற்றவை ‘ஸ்ட்ரிக்ட்’, அதாவது வெளியிலிருந்து வரும் தொடுப்பு மறிக்கப்பட்ட நிலை, என்று நிற்கும். இரண்டு ஸ்ட்ரிக்ட் ஒன்றையொன்று காணாது. யூபிஎன்பி திறந்தும் சரிவரவில்லையா? ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் நடுவில் தொடங்கினால் பல வீடுகளோடு ஒரே முகவரியைப் பங்கு போடுகிறீர்கள். 4ஜி ரவுட்டர்களில் இது சாதாரணம். அதை உங்கள் ரவுட்டரில் மாற்ற முடியாது, பொது முகவரி கேட்டு இணைப்புக் கொடுத்தவர்களிடம்தான் போக வேண்டும்.

வேகம் போதாது என்று பெரிய பொதிக்கு மாறுகிறவர்கள் ஒருமுறை இதைச் சோதிக்கலாம். கட்டளைச் சாளரத்தில் முதலில் ரவுட்டருக்கே பிங் விட்டு, பதில் வர எடுக்கிற நேரத்தைப் பாருங்கள். அது 1, 2 மில்லிசெக்கனில் நில்லாமல் துள்ளினால் குற்றம் கடைக்குள், பெரும்பாலும் வைஃபையில். ரவுட்டர் சரி, வெளியே துள்ளுகிறது என்றால் கடையில் யாராவது எதையாவது இறக்குகிறார்களா என்று தேடுங்கள். ஒரு மூலையில் ஸ்டீம் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தால் ஆறு பேரின் ஆட்டமும் கெடும். புதுப்பிப்பை அதிகாலைக்கு ஒதுக்குங்கள். ரவுட்டரில் வரிசைக் கட்டுப்பாடு (கியூஓஎஸ்) இருந்தால் அளந்த வேகத்தின் 85 சதவீதத்தில் உச்சவரம்பு போடுங்கள். இந்த விரிவாக்கத்தில் வந்த ‘டிரெட்’ எதிரிகளோடு மோதும்போது துள்ளல் நேராக உயிரைக் கேட்கும். ஹஸ்க் என்பவனின் வயிற்றில் இருக்கிற கருவை உடைக்காமல் கொன்றால் உள்ளே இருப்பது வெளியே பாய்ந்து துரத்தும். வீவர் நூல் எறிந்து உங்களை மறைவிலிருந்து இழுப்பான். இணைப்பு பிந்தினால் இழுபட்டது தெரிவதற்குள் நடுவெளியில் நிற்பீர்கள்.

மின்சாரம் போவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உங்களுக்கே தெரியும். ரவுட்டரையும் ஸ்விட்சையும் மட்டும் தனி யூபிஎஸ்ஸில் போடுங்கள். அவை இழுப்பது இருபது வாட் அளவுதான், சின்ன யூபிஎஸ்ஸே நெடுநேரம் தாங்கும். ஒரு கணினி அணைந்தால் ஒருவன்தான் வெளியே போவான், மற்றவர்கள் உள்ளே இருந்தால் திரும்பிச் சேரலாம். ரவுட்டர் அணைந்தால் ஆறு பேரும் வெளியே.

இப்போது நாலு மணி நேரம் ஏன் என்பது. இந்த விரிவாக்கத்தின் ‘சால்வேஷன்ஸ் எட்ஜ்’ ஆறு பேர் ஆடுகிற ரெய்டு, அதாவது கட்டம் கட்டமாகச் சேர்ந்து முடிக்க வேண்டிய நீண்ட சவால். 2024 ஜூன் 7 வெள்ளி இரவு, எங்கள் நேரம் 10.30க்குத் திறந்தது. உலகில் முதலாவதாக முடித்த அணிக்கே ஏறக்குறைய 19 மணி நேரம் பிடித்தது. முதல் 48 மணி நேரத்துக்கு மட்டும் வைத்திருந்த கூடுதல் கடுமை இப்போது இல்லை என்றாலும், கற்றுக்கொள்கிற அணி ஒரே இருப்பில் முடிப்பது அபூர்வம்.

அதன் நாலாவது கட்டமான ‘வெரிட்டி’யைப் பாருங்கள். மூன்று பேர் தனித்தனி அறைகளில் அடைபடுவார்கள், மூன்று பேர் வெளியே. உள்ளே இருப்பவன் மூன்று சிலைகளும் ஏந்தியிருப்பது வட்டமா, சதுரமா, முக்கோணமா என்று இடமிருந்து வலமாகச் சொல்ல வேண்டும். வெளியே அதே சிலைகள் திண்ம உருவங்களை ஏந்தி நிற்கும். வட்டமும் சதுரமும் சேர்ந்தால் உருளை. வட்டமும் முக்கோணமும் கூம்பு. சதுரமும் முக்கோணமும் பட்டகம். உள்ளே வட்டம் வைத்திருப்பவனுடைய வெளிச் சிலையில் வட்டமே இருக்கக் கூடாது, பட்டகமாக மாற்ற வேண்டும். மாற்றுவது சிலைக்குச் சிலை பண்டமாற்று: ஒன்றிலிருந்து ஒரு வடிவத்தை வெட்டினால், அடுத்து வெட்டுகிற சிலையோடு அது இடம் மாறும். இவ்வளவும் எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது, கடிகாரம் ஓடும்போது. ஒருவன் ‘இடது’ என்பதை மற்றவன் சிலையின் இடது என்று எடுத்தால் எல்லாம் போச்சு. சிலையைப் பார்த்து நிற்கிறவனின் இடதுதான் இடது என்று முன்கூட்டியே கதைத்து வைக்க வேண்டும்.

பக்கத்து மேசையில் பத்துப் பேர் வேறு விளையாட்டில் கூச்சலிடும்போது இது நடக்காது. இரண்டே பேர் ஆடுகிற ‘டுவல் டெஸ்டினி’யும் அப்படித்தான். ஒருவன் காண்பதை மற்றவன் காண மாட்டான், வாயால் சொன்னால்தான் கதவு திறக்கும். அதனால் ஆறு கணினியை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். ஒலிவாங்கி எப்போதும் திறந்திருந்தால் ஃபான் சத்தமும் பக்கத்தவன் குரலும் இரட்டித்துக் கேட்கும். அழுத்திப் பேசும் விசை வைப்பதே சுத்தம்.

நேரமும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. டெஸ்டினியின் வாரம் செவ்வாய் இரவு 10.30க்குப் பிறக்கிறது. நீங்கள் ஷட்டரை இழுக்கிற நேரம். அதைப் பிடிக்கக் கடையைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. ரெய்டில் எட்டிய கட்டம் அடுத்த செவ்வாய் வரை அப்படியே இருக்கும். சனி பின்னேரம் 2 முதல் 6 வரை ஒரு துண்டு, ஞாயிறு அதே நேரம் மறுதுண்டு, அதே ஆறு பேர். ஆறு இருக்கைக்கும் சேர்த்து ஒரே விலை சொல்லி முற்பணம் வாங்குங்கள். ஒருவன் வராவிட்டால் ஐந்து பேரின் நேரம் வீணாவதைத் தடுக்க முற்பணத்தைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. ஐரோப்பியத் தரப்படி இது 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. பள்ளிச் சீருடையோடு வருகிற சின்னவர்களை இந்தப் பக்கம் இருத்தாதீர்கள்.

ஹெட்செட்டை நாங்கள் கொண்டு வருவோம். ஸ்விட்சையும் கேபிள் தலைகளையும் நீங்கள் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையில் டெஸ்டினி ஆடும் சிலர்