எந்த சம்ப்பைச் சொல்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழைக்கு முன் வீட்டைத் தயார்ப்படுத்துவது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த குறிப்புகளில், ‘சம்ப்பைச் சுத்தம் செய்து வையுங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. எந்த சம்ப்பை என்று சொல்லப்படவில்லை. நம் ஊரில் சம்ப் என்றால், குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற தரையடித் தொட்டிதான். ஆனால், தரைக்குக் கீழே வாகன நிறுத்தம் கட்டிய அடுக்குமாடிகளில் அதே பெயரில் இன்னொரு குழியும் இருக்கிறது. மழைநீரும் மண்ணிலிருந்து ஊறும் நீரும் வண்டி கழுவிய அழுக்கு நீரும் சேர்வதற்கான குழி அது. ‘பேஸ்மென்ட்’ என்ற சொல்லிலும் இதே குழப்பம் உண்டு. கொத்தனார் ‘பேஸ்மட்டம்’ என்று சொல்வது தரைக்கு மேல் எழுப்பும் அடிப்பீடத்தை. நான் எழுதுவது தரைக்குக் கீழே உள்ள தளத்தைப் பற்றி.

அந்தத் தளத்தின் மிகத் தாழ்வான மூலையில்தான் வடிகால் குழியைத் தோண்டுவார்கள். வண்டி இறங்கும் சரிவின் அடியில், கம்பி மூடி போட்ட குறுக்கு வாய்க்கால் வழியாக மழைநீரும், சுவரோரம் ஜல்லிக்குள் புதைத்த துளையிட்ட குழாய் வழியாக ஊற்று நீரும் அதில் வந்து சேர, உள்ளே இருக்கும் நீர்மூழ்கி மோட்டார் அதை வெளியேற்றும். நீர் ஏறும்போது மிதவை எழுந்து மோட்டாரை ஓடவிடும். நீர் இறங்கினால் தானும் இறங்கி நிறுத்திவிடும். வெளியேற்றும் குழாயில், பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்று சொல்லும் ஒருவழி வால்வு அவசியம். அது இல்லாவிட்டால், மோட்டார் நின்றவுடன் குழாயில் நிற்கும் நீர் குழிக்கே திரும்பும். தெரு வாய்க்கால் நிரம்பிக் குழாயின் வாய் மூழ்கியிருந்தால், வாய்க்கால் நீரும் கூடவே உள்ளே வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 5 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள திறந்த சரிவில் 40 செ.மீ. மழை விழுந்தால் அதுவே 20,000 லிட்டர். தெருவிலிருந்து புரண்டு வருவது தனிக் கணக்கு. அன்றிரவு எங்கள் குடியிருப்பின் காவலர் கதவைத் தட்டி, “சார், கீழ மோட்டார் சத்தமே வரல” என்றார். டார்ச்சுடன் போய்க் குழியின் மூடியைத் தூக்கினால், மிதவைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பால் கவர் இறுகிக் கிடந்தது. குச்சியால் தள்ளியதும் மிதவை துள்ளி எழுந்தது, மோட்டாரும் ஓடத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள்: அதே கீழ்த்தளத்தில், நள்ளிரவுக்குள் முழங்கால் அளவு நீரில். மின்சாரத்தை நிறுத்தாமல் கணுக்கால் நீரில் நாங்கள் இறங்கியது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது விடிந்த பிறகுதான் உறைத்தது.

கீழ்த்தளத்துத் தரை வடிகாலைப் பாதாளச் சாக்கடையோடு நேராக இணைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தெரு மேன்ஹோல் மூடியின் மட்டத்துக்குக் கீழே இருக்கும் எந்த வடிகால் வாயும், சாக்கடை அடைத்துக்கொண்ட நாளில் ஊற்றாகிவிடும். அந்த வடிகாலில் உள்ள நானி ட்ராப் என்ற கிண்ணத்தில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கும் ஒரே திரை. புழங்காத இடங்களில், கோடையில் அது வற்றிவிடும். 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், கழிப்பறை வழியாக வந்த சாக்கடை வாயு மூன்று உயிர்களைப் பறித்ததைப் பார்த்த ஊர் இது. மாதம் இருமுறை ஒரு குவளை நீரை அந்த வடிகாலில் ஊற்றுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

குடிநீர் சம்ப்புக்கு வருவோம். அதைச் சுத்தம் செய்வது நல்லதுதான். ஆனால், கழுவிய பின் காலியாகப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பது ஆபத்து. நிலத்தடி நீர் மேலேறும்போது, மண்ணுக்குள் இருக்கும் காலித் தொட்டியை அது படகைப் போல மேலே தள்ளும். தொட்டி விலக்கும் ஒவ்வொரு கன மீட்டர் நீருக்கும் ஏறக்குறைய ஒரு டன் விசை என்பதால், முழுவதும் நிலத்தடி நீரில் மூழ்கிய 10,000 லிட்டர் காலித் தொட்டியை அது 10 டன்னுக்கு மேற்பட்ட விசையோடு தூக்கப் பார்க்கும். உள்ளே நிறைந்திருக்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர் எடை. தரையோடு தரையாக இருக்கும் மூடியின் கழுத்தை ஓரடியாவது உயர்த்திக் கட்டினால் வெள்ள நீர் கலக்காது. எந்தக் குழியானாலும், உள்ளே ஆளை இறக்குவது மட்டும் கூடவே கூடாது; அடைத்துக் கிடந்த குழியில் மூச்சுவிடக் காற்றிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, குடிநீர்த் தொட்டி என்றும் வடிகால் குழி என்றும் பிரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். வடிகால் குழிக்குத் தேவை ஒரு சோதனை: ஐப்பசி பிறப்பதற்கு முன் ஹோஸ் குழாயால் குழியை நிரப்பி, மிதவை தானாக எழுகிறதா, தெருப்பக்கக் குழாய் வாயில் நீர் வந்து விழுகிறதா என்று பார்ப்பது. எங்கள் குடியிருப்பில் ஜெனரேட்டரைத் தரைத்தளத்தில் மேடை கட்டி ஏற்றிவிட்டோம்; குறுக்கு வாய்க்கால் குழியில் சேரும் இடத்தில், பால் கவருக்காகவே ஒரு கம்பி வலையும் மாட்டியாயிற்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கிருஷ்ணா நகர், புதுச்சேரி.